சிறிய டிராக்டரில் இறுகிய பி.டி.ஓ லீவர்: சிக்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

எஞ்சினின் விசையை ரோட்டவேட்டர், புல்வெட்டி போன்ற கருவிகளுக்குக் கடத்தும் சுழல் முனைதான் பி.டி.ஓ. அதைப் போடவும் எடுக்கவும் உள்ள லீவர் இறுகிப்போனால் பெரும்பாலோர் முதலில் செய்வது இரண்டு வேலை. ஒன்று, இரண்டு கையாலும் பிடித்து இழுப்பது. மற்றொன்று, கண்ணில் படுகிற மூட்டுகள் எல்லாவற்றிலும் துருநீக்கி ஸ்பிரே அடிப்பது. இழுத்தால் லீவர் கம்பி வளையும். அது வளையாவிட்டால் கியர் பெட்டிக்குள் இருக்கும் ஃபோர்க் (கவை வடிவப் பாகம்) வளையும், செலவு பல மடங்காகும். ஸ்பிரே அடித்தால் சில நாள் சுகமாக இருக்கும். அதன் மெல்லிய எண்ணெய் உலர்ந்ததும் தூசி ஒட்டிக்கொண்டு மூட்டு முன்பைவிட மோசமாக இறுகும்.

கைப்பிடியிலிருந்து பின்னால் சுழலும் முனை வரை ஏழெட்டு இடங்களில் சிக்கல் வரலாம். எந்த இடம் என்று தெரியாமல் ஒரு நட்டைக்கூடத் தளர்த்த வேண்டாம். இடம் தெரிந்துவிட்டால் பெரும்பாலான பழுதுகளை வெளியிலிருந்தே, பெட்டியைப் பிளக்காமலே சரிசெய்துவிடலாம்.

உங்கள் டிராக்டரில் எந்த வகை?

சிறிய டிராக்டர்களில் பி.டி.ஓ-வை இயக்கும் முறை மூன்று.

முதல் வகை முழுக்க மெக்கானிக்கல். லீவரை நகர்த்தினால் ஒரு கம்பியோ கேபிளோ கியர் பெட்டியின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு ஆர்மைத் திருப்பும். ஆர்மோடு சேர்ந்து உள்ளே ஃபோர்க் நகரும், ஃபோர்க் ஒரு பல்வளையத்தைத் தள்ளிக் கியரோடு இணைக்கும். இதில் கிளட்ச் மிதித்துத்தான் போட வேண்டும். இரண்டு கட்ட கிளட்ச் உள்ள டிராக்டர்களில் பெடலின் முதல் பாதி வண்டியின் ஓட்டத்தை நிறுத்தும்; அடிவரை மிதித்தால்தான் பி.டி.ஓ விடுபடும்.

இரண்டாவது வகையில் லீவர் ஒரு ஹைட்ராலிக் வால்வுக்குள் சறுக்கும் உருளையான ஸ்பூலை மட்டும் நகர்த்துகிறது. எண்ணெய் அழுத்தம் கிளட்ச் தட்டுகளை இறுக்குகிறது. இந்த லீவர் விரல் பலத்திலேயே நகர வேண்டும். மூன்றாவதில் லீவரே இல்லை. அழுத்தி அல்லது இழுத்துப் போடும் சுவிட்ச் ஒன்று மின்காந்தத்தால் இயங்கும் 12 வோல்ட் சோலனாய்டு வால்வைத் திறக்கிறது.

நடுவில் இன்னொரு பி.டி.ஓ உள்ள வண்டிகளில் பின், நடு, இரண்டும் என்று தேர்ந்தெடுக்க இன்னொரு சிறு லீவரும் இருக்கும். பின் பி.டி.ஓ வேகம் வழக்கமாக 540 ஆர்.பி.எம்., நடு பி.டி.ஓ வழக்கமாக 2000 ஆர்.பி.எம். இறுகியிருப்பது எந்த லீவர் என்பதைப் பிரித்துப் பாருங்கள். வெட்டிய ஈரப்புல் வண்டியின் வயிற்றில் அப்பிக் காய்ந்து இந்தத் தேர்வு லீவரின் இணைப்பைத்தான் முதலில் பிடிக்கும். ஆனால் குறை சொல்லப்படுவது பெரும்பாலும் பெரிய லீவரின் மேல்.

கைவைப்பதற்கு முன்

540 ஆர்.பி.எம். என்றால் ஒரு விநாடிக்கு 9 சுற்று. சட்டை நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. ஆகவே:

சமதளத்தில் நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கி, கை பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பி.டி.ஓ முனையையும் கருவியையும் இணைக்கும் ஷாஃப்ட் முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே பின்னால் போங்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். மின் சோதனை செய்யும்போது மட்டும் திரும்ப மாட்டலாம். கருவியைத் தூக்கிய நிலையில் அடியில் வேலை செய்ய நேர்ந்தால் ஹைட்ராலிக்கை நம்பாமல் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள்.

எஞ்சின் ஓடும்போது பி.டி.ஓ-வைச் சோதிப்பது இருக்கையில் அமர்ந்து மட்டும்தான். ஒருவர் மேலே லீவரை அசைக்க, இன்னொருவர் பின்னால் குனிந்து பார்ப்பது என்ற பழக்கம் உயிரைப் பறிக்கும்.

தேவையானவை: 10, 12, 13, 14, 17 மி.மீ. ஸ்பானர்கள், மூக்குக் குறடு, சர்க்ளிப் குறடு, கம்பி பிரஷ், 320 எண் உப்புத்தாள், சிறு அரம், டார்ச், நுனியில் காந்தம் உள்ள கம்பி, மல்டிமீட்டர், வெள்ளை பெயின்ட் பேனா, ஊறவைக்கும் துருநீக்கி, 2-ஆம் எண் லித்தியம் கிரீஸ், மண்ணெண்ணெய் அல்லது டீசல், பஞ்சுத்துணி. ஸ்பிளிட் பின்கள் புதிதாக நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றியதை நிமிர்த்தித் திரும்பப் போடக்கூடாது, மறுபடி வளைக்கும்போது விரிசல் விட்டு என்றாவது உதிர்ந்துவிடும்.

எப்படி இறுகுகிறது என்று கவனியுங்கள்

லீவர் ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே மாதிரி கனமாக நகர்ந்தால் துரு, அழுக்கு, கேபிள் இவற்றில் ஒன்று. பாதிவரை இலகுவாக வந்து ஒரே இடத்தில் முட்டி நின்றால் பல்லோடு பல் மோதுகிறது, அல்லது வழியில் ஏதோ ஒரு பாகம் இடிக்கிறது. போடும்போது சரியாகப் போய், எடுக்கும்போது மட்டும் வரவில்லை என்றால் பற்களின் மேல் இன்னும் சுமை இருக்கிறது. போடும்போது கரகரவென்று அரைத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. லீவர் லேசாக நகர்கிறது ஆனால் பி.டி.ஓ நிற்கவில்லை என்றால் இடையில் எங்கோ இணைப்பு கழன்றிருக்கிறது, அல்லது கேபிள் உறைக்குள்ளேயே வளைந்து தன் நகர்வைத் தொலைக்கிறது. காலையில் மட்டும் கனமாக இருந்து வண்டி சூடானதும் சரியானால் எண்ணெயைச் சந்தேகியுங்கள்.

படி 1: கருவியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்

பல நேரங்களில் டிராக்டரில் குறையே இருக்காது. ரோட்டவேட்டரின் கத்தி மண்ணில் புதைந்த நிலையில் எஞ்சினை அணைத்தால் ஷாஃப்ட் முறுக்கேறியபடியே நிற்கும். அந்த முறுக்கு பெட்டிக்குள் இருக்கும் பல்வளையத்தை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அப்போது லீவரை எவ்வளவு இழுத்தாலும் வராது.

கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் அணைந்த நிலையிலேயே கிளட்சை அடிவரை மிதித்துப் பூட்டுங்கள். பூட்டும் கொக்கி இல்லாத வண்டியில் ஒருவர் மிதித்தபடி இருக்கட்டும். சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டு, ஷாஃப்டைச் சுழலும் திசைக்கு எதிராகச் சற்றுத் திருப்புங்கள். சில டிகிரி அசைந்தாலே போதும், முறுக்கு இறங்கி லீவர் வந்துவிடும். கத்தி மண்ணில் இருந்தால் கருவியை அந்த அளவுக்கு மட்டும் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டுத் திருப்புங்கள்.

பிறகு ஷாஃப்டை முனையிலிருந்து கழற்றி லீவரை அசைத்துப் பாருங்கள். இப்போது தாராளமாகப் போய்வந்தால் பழுது ஷாஃப்டிலோ கருவியிலோ இருக்கிறது. அங்கே பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஷாஃப்டின் நீளம். உட்குழாயும் வெளிக்குழாயும் ஒன்றுக்குள் ஒன்று போகிற டெலஸ்கோப் ஷாஃப்ட், லிஃப்ட் மேலே போகும்போதோ கீழே வரும்போதோ முழுதாக மூடி முட்டக்கூடாது. மிகக் குறுகிய நிலையிலும் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். முட்டினால் முழுச் சுமையும் டிராக்டரின் பி.டி.ஓ முனையை உள்நோக்கித் தள்ளும். லீவர் இறுகுவது அதன் முதல் அறிகுறி, பேரிங்கும் ஆயில் சீலும் போவது அடுத்தது. இரண்டு, யுனிவர்சல் ஜாயின்ட்டின் ஊசி பேரிங்குகள் உலர்ந்து பிடித்திருக்கிறதா என்று கையால் மடக்கிப் பாருங்கள். மூன்று, கருவியின் கியர் பெட்டியைக் கையால் சுற்றிப் பாருங்கள். புல்லோ கயிறோ சுற்றி இறுகியிருக்கலாம்.

புல்வெட்டி போன்ற கனமான கத்தியுள்ள கருவிகளில் வேறொரு தொல்லை உண்டு. கிளட்சை மிதித்த பிறகும் கத்தி தன் வேகத்தில் சுழன்றுகொண்டே பெட்டிக்குள் இருக்கும் பற்களைத் திருப்பித் தள்ளும். பற்கள் மேல் சுமை குறையாததால் லீவர் வராது. எஞ்சின் வேகத்தைக் குறைத்து, கத்தி அடங்கும்வரை கிளட்சை மிதித்தபடி காத்திருந்து எடுப்பது ஒரு வழி. ஒரு திசையில் மட்டும் விசையைக் கடத்தும் ஓவர்ரன்னிங் கிளட்ச் ஒன்றைப் பி.டி.ஓ முனையில் மாட்டுவது நிரந்தர வழி. அதை மாட்டினால் ஷாஃப்டின் மொத்த நீளம் கூடும் என்பதால் மேலே சொன்ன 25 மி.மீ. கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் இரு குழாய்களையும் ஒரே அளவு வெட்ட வேண்டும்.

படி 2: இணைப்பைப் பிரித்து இரண்டு பக்கமாகச் சோதியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

லீவரிலிருந்து வரும் கம்பி அல்லது கேபிள், பெட்டியின் ஆர்மோடு சேரும் இடத்தில் இரண்டையும் கோர்த்துப் பிடிக்கும் கிளெவிஸ் பின் ஒன்று இருக்கும். சுற்றியுள்ள அழுக்கை பிரஷால் துடைத்து, கம்பியின் மரையில் லாக் நட் எங்கே நிற்கிறது என்று பெயின்ட் பேனாவால் கோடு போட்டு, வெளியே தெரியும் மரைகளை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி எடுத்து, கிளெவிஸ் பின்னைத் தட்டி வெளியே எடுங்கள்.

இப்போது லீவரைத் தனியாக அசையுங்கள். பிறகு ஆர்மைத் தனியாகக் கையால் திருப்புங்கள். லீவர் பக்கம் கனமாக இருந்தால் படி 3. ஆர்ம் கனமாக இருந்தால் படி 4, 5. இரண்டும் தனித்தனியே இலகுவாக இருந்தும் சேர்த்தால் இறுகினால் அட்ஜஸ்ட்மென்ட் தவறு, படி 6. ஆர்ம் நிலைக்கு நிலை ‘டக்’ என்று தெளிவாக விழ வேண்டும். போடும் நிலைக்குப் போகாமல் பாதியில் நின்றால் பதற வேண்டாம்: பல்லுக்கு நேர் பல் நிற்கிறது. பி.டி.ஓ முனையைக் கையால் சற்றுத் திருப்பிக்கொண்டே தள்ளினால் விழும்.

படி 3: லீவர், கம்பி, கேபிள்

லீவர் மட்கார்டில் உள்ள துவாரத்தின் வழியே வரும் வண்டிகளில் முதலில் அந்தத் துவாரத்தின் ஓரத்தைப் பாருங்கள். பெயின்ட் உரிந்து பளபளக்கும் கீறல் இருந்தால் தகடு வளைந்து லீவரை உரசுகிறது. ரப்பர் உறை வெயிலில் காய்ந்து விறைத்திருந்தால் அதுவே லீவரைப் பிடிக்கும், மாற்றிவிடுங்கள்.

அடுத்து லீவர் சுழலும் அச்சு. சர்க்ளிப்பையோ நட்டையோ கழற்றி லீவரை அச்சிலிருந்து முழுதாக வெளியே எடுங்கள். எடுக்காமல் மேலிருந்து கிரீஸ் அடிப்பதில் பயனில்லை, பழைய கிரீஸ் கல்லாகி உள்ளே வழியை அடைத்திருக்கும். வரவில்லை என்றால் துருநீக்கி விட்டு இரவு முழுதும் ஊறவிடுங்கள். அவசரமானால் 30 நிமிடம், இடையிடையே பித்தளைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். அதிர்வுதான் எண்ணெயை உள்ளே இழுக்கும். பிளாஸ்டிக் புஷ் உள்ள இடத்தில் நெருப்பு காட்டாதீர்கள். டீசல் டேங்கும் ஹைட்ராலிக் குழாய்களும் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் வேறெங்கும் காட்டாமல் இருப்பதே நல்லது.

எடுத்த அச்சை 320 எண் உப்புத்தாளால் சுற்றுவாக்கில் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். புஷ்ஷின் உட்புறத்தையும் சுத்தம் செய்யுங்கள். மாட்டிப் பார்த்தால் லீவர் தன் எடையாலேயே விழ வேண்டும். அதே சமயம் பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடக்கூடாது. ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. தேய்ந்த புஷ்ஷில் லீவர் சாய்ந்து, குறுக்காக நின்று பிடித்துக்கொள்ளும். எவ்வளவு கிரீஸ் போட்டாலும் போகாத இறுக்கத்துக்கு இது அடிக்கடி காரணம்.

கிரீஸ் எங்கே போடுவது, எங்கே போடக்கூடாது என்பதில் கவனம் தேவை. மூடிய அச்சு, புஷ், கிளெவிஸ் பின் இவற்றுக்கு லித்தியம் கிரீஸ் மெல்லிய பூச்சாக. திறந்த துவாரம், வெளியே தெரியும் சறுக்குத் தகடு இவற்றுக்குக் கிரீஸ் வேண்டாம். மண்ணைச் சேர்த்து அரைக்கும் பசையாகிவிடும். அங்கே உலர் கிராஃபைட் அல்லது சிலிக்கோன் ஸ்பிரே போதும்.

கம்பி இணைப்பு உள்ள வண்டியில் கம்பியைக் கழற்றி ஒரு நேர்கோல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குச்சியோ கல்லோ அடித்து வளைந்திருந்தால் நீளம் குறைந்திருக்கும். வளைவு சிறியதென்றால் வைஸில் வைத்துக் குளிர்நிலையிலேயே நிமிர்த்தலாம். மடிந்த தடம் இருந்தால் புதிதாக மாற்றுங்கள்.

கேபிள் என்றால் இரு முனைகளையும் கழற்றி உள்கம்பியை இரண்டு விரலால் இழுத்துத் தள்ளுங்கள். சரசரவென்று மணல் உணர்வு வந்தாலும், ஒரு இடத்தில் தடுத்தாலும் அந்தக் கேபிளின் ஆயுள் முடிந்தது. பல கேபிள்களின் உள்ளே நைலான் அல்லது டெஃப்ளான் குழாய் இருக்கிறது. அதில் கிரீஸோ தடித்த எண்ணெயோ செலுத்தினால் சில வாரம் சரியாக இருந்துவிட்டுப் பிறகு முன்பைவிட இறுகும். புதிது போடுவதே தீர்வு. வாங்கும்போது உறையின் நீளம், உள்கம்பி நகரும் தூரம், முனை மரையின் அளவு மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். பழைய கேபிள் போன வழியிலேயே போடுங்கள். 150 மி.மீ. ஆரத்தைவிடச் சிறிதாக எங்கும் வளைக்காதீர்கள். சைலன்சரிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிக் கட்டினால் உறை நசுங்கி அதே பழுது புதிதாக வரும்.

பல வண்டிகளில், பி.டி.ஓ போட்டிருக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று லீவரோடு இணைந்திருக்கும். அதன் குமிழ் துருப்பிடித்து நீட்டியே நின்றால் லீவர் அதில் முட்டி நிற்கும். சுத்தம் செய்யுங்கள், அல்லது மாற்றுங்கள். வயரைச் சேர்த்துக் கட்டி சுவிட்சைத் தாண்டிவிடுவது மட்டும் கூடவே கூடாது. பி.டி.ஓ போட்ட நிலையில் வண்டி ஸ்டார்ட் ஆனால் பின்னால் நிற்பவருக்கு விலக வழியில்லை.

படி 4: ஆர்மும் அதன் அச்சும்

ஆர்ம் தனியாகவே கனமாக இருந்தால் உடனே பெட்டியைப் பிளக்க நினைக்காதீர்கள். ஆர்மின் அச்சு பெட்டியிலிருந்து வெளியே வரும் இடத்தில், ஆயில் சீலுக்கு வெளியே ஒரு சில மில்லிமீட்டர் நீளம் மழைக்கும் மண்ணுக்கும் திறந்தே கிடக்கிறது. துரு அங்கேதான் பிடிக்கும். சுத்தம் செய்து, துருநீக்கி விட்டு ஊறவைத்து, ஆர்மைச் சிறிது சிறிதாக இருபக்கமும் அசைத்துக்கொண்டே இருங்கள். பழுப்புச் சாறு வெளியே வரும். துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். சாறு தெளிவாக வரும்வரை செய்தால் பெரும்பாலும் இறுக்கம் போய்விடும்.

உப்புத்தாளால் தேய்க்கும்போது துகள் சீலின் உதட்டுக்குள் போகாதபடி கிரீஸ் தடவிய நூலை அதன் வாயில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் குழி விழுந்திருந்தால் சீல் விரைவில் கசியும். சீலையோ ஓ-ரிங்கையோ மாற்ற நேர்ந்தால், அது எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிறிய டிராக்டர்களில் பெட்டிக்குள் மாடலைப் பொறுத்து சுமார் 10 முதல் 35 லிட்டர் எண்ணெய் இருக்கும். வடிக்காமல் கழற்றினால் அத்தனையும் தரையில்.

ஆர்மை அச்சில் பிடித்திருக்கும் போல்ட் அல்லது ரோல் பின் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தளர்ந்திருந்தால் லீவர் முழுதாகப் போனாலும் ஃபோர்க் பாதிதான் போகும்.

படி 5: நிலை நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும்

லீவர் ‘டக்’ என்று விழச் செய்வது ஒரு எஃகு குண்டும் ஸ்பிரிங்கும். பெட்டியின் மேலோ பக்கத்திலோ ஒரு போல்ட்டுக்கு அடியில் இவை இருக்கும். குண்டில் குழி விழுந்தாலும், ஸ்பிரிங் உடைந்து துண்டு குறுக்கே நின்றாலும், யாரோ முன்பு போல்ட்டின் அடியில் உயரத்தைச் சரிக்கட்ட வைத்திருந்த ஷிம் வாஷரைத் தொலைத்துவிட்டு இறுக்கியிருந்தாலும் லீவர் கல்லாக இருக்கும்.

சுற்றிலும் நன்றாகத் துடைத்த பிறகே போல்ட்டைக் கழற்றுங்கள். அடியில் எத்தனை வாஷர், என்ன தடிமன் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை எடுத்து, காந்தக் கம்பியால் குண்டைத் தூக்குங்கள். குண்டு வெளியே இருக்கும்போது லீவரையோ ஆர்மையோ அசைக்காதீர்கள். குண்டு உட்காரும் பள்ளம் விலகிவிட்டால் அது திரும்ப உட்காராது, சில பெட்டிகளில் உள்ளே விழுந்தும்விடும். குண்டு பளபளப்பாக, தழும்பில்லாமல் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கின் நீளத்தை வண்டியின் சர்வீஸ் புத்தக அளவோடு ஒப்பிடுங்கள். அளவில் குறைந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுவது பலனளிக்காது. செம்பு வாஷரைப் புதிதாகப் போட்டு மூடுங்கள்.

படி 6: அட்ஜஸ்ட்மென்ட்

இறுகிய லீவரைவிட, தவறாக அட்ஜஸ்ட் செய்த லீவர் அதிகச் சேதம் செய்யும். காரணம் இதுதான். லீவர் துவாரத்தின் முனையில் போய் முட்டும் முன்பே பெட்டிக்குள் பல்வளையம் முழுதாக ஏறியிருக்க வேண்டும். கம்பி சற்று நீளமாகவோ குறுகலாகவோ இருந்தால் பற்கள் பாதி ஆழம்தான் பிடிக்கும். முழுச் சுமையும் பல்லின் நுனியில் விழும். நுனி மழுங்கிப் பிசிறு எழும். அந்தப் பிசிறு அடுத்த முறை லீவரைப் பிடிக்கும். நாம் இன்னும் பலமாக இழுப்போம். இப்படியே ஒரு பருவத்தில் பல்வளையம் போய்விடும்.

செய்முறை:

1. ஆர்மைக் கையால் திருப்பி, எடுத்த நிலையில் ‘டக்’ என்று விழ வையுங்கள். பி.டி.ஓ முனை கையால் தாராளமாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். ஹைட்ராலிக் கிளட்சும் பிரேக்கும் உள்ள வண்டியில் சற்று எதிர்ப்பு இருக்கும், அது இயல்பு.

2. லீவரையும் எடுத்த நிலையில் வையுங்கள்.

3. கம்பியின் நுனியைத் திருகி, கிளெவிஸ் பின் எந்த அழுத்தமும் இல்லாமல் தானாக ஓட்டைக்குள் நழுவும்படி நீளத்தை வையுங்கள். தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் இன்னும் அரைச் சுற்று திருக வேண்டும் என்று பொருள்.

4. பின்னைப் போட்டு, இப்போது போடும் நிலைக்குத் தள்ளுங்கள். பெட்டியில் ‘டக்’ விழுந்த பிறகும் லீவருக்கும் துவாரத்தின் முனைக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் அரைச் சுற்று மாற்றி இரு முனைகளிலும் இடைவெளியைப் பகிர்ந்துகொடுங்கள்.

5. லாக் நட்டை இறுக்குங்கள். மரை குறைந்தது தன் விட்டத்தளவு உள்ளே ஏறியிருக்க வேண்டும். புது ஸ்பிளிட் பின் போட்டு இரு காதுகளையும் விரித்து மடக்குங்கள்.

இரு முனைகளிலும் இடைவெளி கிடைக்கவே இல்லை என்றால் கிளெவிஸ் ஓட்டைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் 1 மி.மீ. ஆட்டம் இருந்தாலும் நாலு மூட்டில் 4 மி.மீ. நகர்வு காணாமல் போய்விடும். பின்களையும் தேய்ந்த முனைகளையும் மாற்றுங்கள்.

கரகரவென்று அரைத்தால்: கிளட்ச்

மெக்கானிக்கல் வகையில் கிளட்ச் முழுதாக விடாவிட்டால் லீவரைக் குறைசொல்லிப் பயனில்லை. பெடலைக் கையால் அழுத்தி, எதிர்ப்பு தொடங்கும்வரை எவ்வளவு சும்மா நகர்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். பல மாடல்களில் இது 20 முதல் 30 மி.மீ. இருக்க வேண்டும், உங்கள் வண்டியின் புத்தகத்தில் சொன்னதே இறுதி. இது கூடிவிட்டால் பெடலை அடிவரை மிதித்தாலும் பி.டி.ஓ-வுக்கான இரண்டாம் கட்டம் திறக்காது. வண்டியின் கியர் எளிதாக விழும், பி.டி.ஓ மட்டும் அரைக்கும் என்ற புகாருக்கு இதுவே காரணம். அதற்காக ஆட்டத்தைச் சுத்தமாக இல்லாமல் செய்துவிடாதீர்கள். ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசிப் போய்விடும், தட்டும் வழுக்கும்.

அளவு சரியாக இருந்தால், மிதித்துவிட்டு 5 விநாடி பொறுத்து லீவரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அரைத்தால் தட்டு ஒட்டிக்கொண்டு இழுக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டிகளில் தட்டு ஃபிளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்வது வழக்கம்.

ஹைட்ராலிக் லீவரும் மின் சுவிட்சும்

இந்த வகைகளில் முதலில் எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. தண்ணீர் ஸ்பூலில் துருப்பிடிக்கச் செய்யும், குளிரில் தடுக்கும். எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றாமல் வால்வைத் தொடுவதில் அர்த்தமில்லை. அதே அழுக்கு அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

சுவிட்ச் வகையில் வரிசையாகப் போங்கள். பேட்டரியை மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்து, இருக்கையில் ஆள் அமர்ந்து சுவிட்சைப் போட்டால் சோலனாய்டில் ‘க்ளிக்’ கேட்க வேண்டும். சில மாடல்களில் எஞ்சின் ஓடினால்தான் சோலனாய்டுக்கு மின்சாரம் வரும். அவற்றில் பின்னால் யாரும் இல்லாமல், ஷாஃப்ட் கழற்றிய நிலையில் இருக்கையிலிருந்தபடியே பாருங்கள். சத்தம் இல்லையென்றால் ஃபியூஸ், இருக்கை சுவிட்ச், பிறகு சோலனாய்டு முனையில் வோல்டேஜ். பேட்டரியைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ பச்சை பூத்த கனெக்டர் இருக்கிறது. வோல்டேஜ் சரியாக இருந்தால் சோலனாய்டைக் கழற்றி ஓம் பாருங்கள். முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்தது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட்.

‘க்ளிக்’ கேட்டும் பி.டி.ஓ மெதுவாக ஏறுகிறது, அல்லது எடுத்த பிறகும் விடவில்லை என்றால் வால்வுக்குள் ஸ்பூல் சிக்குகிறது. எஞ்சின் நின்று அழுத்தம் இறங்கிய பிறகு வால்வைத் திருகி எடுத்து, அடிமுனையில் 2 மி.மீ. தடிமனுள்ள மழுங்கிய கம்பியால் ஸ்பூலைத் தள்ளுங்கள். தள்ளியதும் தானாகத் துள்ளித் திரும்ப வேண்டும். சுத்தமான டீசலில் கழுவி, காற்று ஊதி, புதிய ஹைட்ராலிக் எண்ணெயில் நனைத்து, புது ஓ-ரிங்குகளோடு மாட்டுங்கள். உப்புத்தாளை இதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். மேலே சோலனாய்டைப் பிடிக்கும் நட்டை அளவுக்கு மீறி இறுக்குவதும் ஸ்பூல் சிக்கக் காரணம். உள்ளிருக்கும் மெல்லிய குழாய் நெளிந்துவிடும். டார்க் ரெஞ்ச்சில் புத்தகம் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

குளிர்ந்த காலையில், எடுத்த நிலையிலேயே முனை மெதுவாகச் சுழல்வதைப் பார்க்கலாம். தடித்த எண்ணெய், அதில் நனைந்திருக்கும் கிளட்ச் தட்டுகளை ஒட்டி இழுக்கிறது. கையால் பிடித்து நிறுத்திப் பார்க்க வேண்டாம். 10 நிமிடம் நடுத்தர வேகத்தில் எஞ்சின் ஓடியதும் நின்றுவிட வேண்டும். சூடான பிறகும், கருவி மாட்டிய நிலையிலும் சுழன்றால் தட்டுகள் வெப்பத்தில் கோணியிருக்கும், அல்லது பி.டி.ஓ பிரேக் தேய்ந்திருக்கும். அது பெட்டியைத் திறக்கும் வேலை.

எங்கே நிறுத்த வேண்டும்

அச்சின் துரு போய், குண்டும் ஸ்பிரிங்கும் சரியாக இருந்து, முனையைக் கையால் திருப்பியும் ஆர்ம் விழவில்லை என்றால் ஃபோர்க் வளைந்திருக்கும் அல்லது பல்வளையத்தில் பிசிறு இருக்கும். வடிகால் பிளக்கின் காந்தத்தைப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் நிறச் சேறு சாதாரணத் தேய்மானம். விரலில் உருளும் துண்டு, பல்லின் வடிவம் தெரியும் சில்லு கிடைத்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் பெட்டி பிரிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சோதனை ஓட்டம்

எஞ்சின் அணைந்த நிலையில் லீவரை 20 முறை போட்டு எடுங்கள். இறுக்கம் கூடாமல் இருக்க வேண்டும். பாதுகாப்பு சுவிட்ச் உள்ள வண்டியில் பி.டி.ஓ போட்ட நிலையில் ஸ்டார்ட் செய்ய முயலுங்கள், ஆகக்கூடாது. பிறகு எடுத்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ஷாஃப்ட் இல்லாமல், சுமார் 1000 ஆர்.பி.எம்-மில் போட்டு எடுத்துப் பாருங்கள். மெல்ல வேகத்தைக் கூட்டி, லீவர் தானாக வெளியே துள்ளுகிறதா என்று கவனியுங்கள். கடைசியாகக் கருவியை மாட்டி லேசான சுமையில் 15 நிமிடம் ஓட்டி, அணைத்து, லாக் நட்டுகளையும் பின்களையும் மறுபடி பாருங்கள். புதிதாகப் போட்ட கேபிள் முதல் சில மணி நேரத்தில் சற்று இடம் கொடுக்கும். சுமார் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அந்த 2–3 மி.மீ. இடைவெளியை இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.

திரும்ப இறுகாமல் இருக்க: முழு வேகத்தில் பி.டி.ஓ-வைப் போடாதீர்கள், எடுக்கும் முன் வேகத்தைக் குறையுங்கள். அழுத்த நீரில் வண்டியைக் கழுவும்போது ஆர்மின் சீல் மேலும் கேபிள் வாய் மேலும் நேராகப் பாய்ச்சாதீர்கள், கழுவிய பிறகு லீவரை நாலைந்து முறை அசைத்துவிடுங்கள். மூட்டுகளுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கிரீஸ் போடுங்கள். பல மாதம் நிறுத்திவைக்கும் வண்டியில் லீவரை எடுத்த நிலையில் வைத்து, கிளட்ச் பெடலைக் கொக்கியில் பூட்டி, மாதம் ஒரு முறை இரண்டையும் இயக்கிவிடுங்கள்.